கத்ரீனாவுக்குப் போன போர்வையும் குளச்சலுக்கு வந்த தார்ப்பாயும்

கேள்வி: தக்கலையிலிருந்து ஒரு வாசகர், நவம்பர் 27

2005-இல் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் அடித்தபோது இந்திய அரசு விமானம் நிறைய போர்வையும் தார்ப்பாயும் அனுப்பியதாகப் படித்தேன். சுனாமிக்கு எந்த நாட்டு அரசிடமும் கை நீந்த மாட்டோம், மன்னிக்கவும், நீட்ட மாட்டோம் என்று சொல்லி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நம் கரையில் ஆட்கள் கொட்டகையில் கிடக்கும்போது பணக்கார நாட்டுக்குப் போர்வை அனுப்பியது வெட்டிப் பெருமை இல்லையா? அவர்கள் அதைப் பயன்படுத்தினார்களா, மூலையில் போட்டார்களா?

நவம்பர் 27, இரவு

விமானம் போனது உண்மை. செப்டம்பர் 2005. விமானப்படையின் இல்யூஷின்-76, 25 டன் சரக்கு. தார்ப்பாய், போர்வை, சோப்பு வகையறா. இறங்கிய இடம் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் விமானத்தளம். இது தவிர அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50 லட்சம் டாலர் பணமாகவும் போனது.

அந்தச் செப்டம்பரில் நான் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கரையில், தற்காலிகக் குடியிருப்பில் இருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஐந்து பேர், தார் அட்டைக் கூரை. வானொலியில் இந்தச் செய்தியைக் கேட்டு அப்பா சொன்னது நினைவிருக்கிறது: "நல்லது, அங்கேயாவது ஒழுகாமல் இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கூரைக்கு அடியில் சட்டியை நகர்த்தி வைத்தார்.

வெட்டிப் பெருமையா என்பதற்கு இன்று பதில் இல்லை. தூக்கம் வருகிறது.

நவம்பர் 28, காலை

பெருமை இரண்டு பக்கமும் இருந்தது. சுனாமிக்கு அடுத்த நாட்களில் பிரதமர் மன்மோகன் சிங் சொன்னது, நம்மால் சமாளிக்க முடியும், தேவைப்பட்டால் கேட்போம் என்பது. கத்ரீனா 2005 ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவில் கரையேறியது. மூன்று நாள் கழித்து அதிபர் புஷ் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னதும் ஏறக்குறைய அதே: வெளிநாடுகளிடம் நாங்கள் கேட்கவில்லை, அதிகம் எதிர்பார்க்கவும் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் சில நாட்களிலேயே மனம் மாறி, வருவதை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். நாம் கடைசி வரை விறைப்பாகவே நின்றோம். நின்றோம் என்று சொன்னேனே, அதைப் பற்றிப் பின்னால் எழுத வேண்டும். முழு உண்மை அல்ல.

சுனாமியில் அடிபட்ட இலங்கைகூட அமெரிக்காவுக்கு 25,000 டாலர் கொடுத்தது. வங்கதேசம் 10 லட்சம் டாலர். இதை வெட்டிப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழவு வீட்டுக்கு ஏழை சொந்தக்காரன் ஒரு படி அரிசியோடு வந்தால், அந்த வீட்டில் அரிசி இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 28, மதியம்

கத்ரீனாவைப் புயல் என்று எழுதியது தவறு, 'ஹரிக்கேன்' என்றுதான் எழுத வேண்டும் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். அட்லாண்டிக் கடலில் சுழன்றால் ஹரிக்கேன், வங்கக் கடலில் சுழன்றால் சைக்ளோன். காற்றுக்கு எந்தப் பெயரும் தெரியாது. தமிழுக்கு இரண்டும் புயல். நம் வீட்டில் அந்தச் சொல் நூறு வருடமாக ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது: அரிக்கேன் விளக்கு. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்து மின்சாரம் போன இரவுகளில் பரணிலிருந்து அதை இறக்கித் துடைத்தோம். திரி கிடைக்காமல் பழைய பனியனைக் கிழித்துப் போட்டோம்.

நவம்பர் 30

இன்று ஒக்கி நாள். கேள்வியை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 30. காலையில் புயல் என்று பெயர் வைத்தபோதே காற்று எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. ரப்பரும் வாழையும் தெங்கும் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கடலில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். எச்சரிக்கை வருவதற்கு எத்தனையோ நாள் முன்னால் போனவர்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது அரசியல் கூட்டம் அல்ல. கணவனைத் தேடிக்கொண்டிருந்த பெண்கள்.

உயிரோடு இருந்த படகுகள் எங்கெங்கோ ஒதுங்கின. லட்சத்தீவு, குஜராத், மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகம். தேவ்கட்டில் ஒதுங்கிய என் மைத்துனன் சொன்ன கதை: ஒரு மராத்தி ஊர்க்காரர் கையில் பாத்திரத்தோடு வந்து நின்றிருக்கிறார். இவனுக்கு மராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பாத்திரத்தைத் திறந்து காட்டியிருக்கிறார், உள்ளே பருப்பும் சோறும். "மீன் இல்லையா என்று கேட்கத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்" என்றான். பட்டினியில் வந்தவனுக்கும் நாக்கு கன்னியாகுமரி மாவட்டத்து நாக்குதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று அவனுக்கு இடம் கொடுத்த மகாராஷ்டிரமும் ஒருவகையில் வெளி அரசுதான். கோப்பு எதுவும் போகாமல் நடந்தது.

டிசம்பர் 2

சரி, கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கா வாங்கியதை என்ன செய்தது?

பணமாகவும் விற்றுக் காசாக்கும் எண்ணெயாகவும் நட்பு நாடுகள் தருவதாகச் சொன்னது 85.4 கோடி டாலர். அதில் பெரும்பங்கு குவைத் சொன்ன 50 கோடி. அதிலும் 40 கோடி எண்ணெய். அமெரிக்க அரசின் கைக்கு உண்மையில் ரொக்கமாக வந்தது 36 நாடுகளிடமிருந்து ஏறக்குறைய 12.6 கோடி. அதில் ஐக்கிய அரபு அமீரகம் கொடுத்ததே ஏறத்தாழ 10 கோடி.

வந்த பணத்தை எந்தத் துறை வாங்குவது, எந்தச் சட்டப்படி செலவழிப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. பேரிடர் வந்தால் வெளிநாட்டுக்குக் கொடுக்கும் வழி அவர்களுக்கு மனப்பாடம். வாங்கும் வழி புதிது. பணம் மாதக்கணக்கில் கருவூலத்தில் வட்டிகூட இல்லாமல் கிடந்தது. பிறகு 6.6 கோடி, வீடிழந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு வழிகாட்டியை நியமிக்கும் திட்டத்துக்குப் போனது. 6 கோடி கல்வித் துறைக்குப் போனது, அதுவும் 2006 மார்ச்சில்தான். புயல் ஆகஸ்டில் அடித்தது என்பதை நினைவில் வையுங்கள்.

கருவூலப் பூட்டு என்றதும் எனக்கு வேறொரு பூட்டு நினைவுக்கு வருகிறது. பிறகு.

டிசம்பர் 3

திருத்தம். அக்கா இதையெல்லாம் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. இன்று தொலைபேசியில்: "முதலில் தார் அட்டை, ஜூன் மழைக்குப் பிறகு தகரம். செப்டம்பரில் நாம் தகரத்துக்குக் கீழே இருந்தோம். அப்பா சட்டி நகர்த்தியது தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைக்கு. நீ எப்போது ஒழுங்காகப் பார்த்தாய், நீதான் எந்நேரமும் கிடங்கில் இருந்தாயே."

ஏற்றுக்கொள்கிறேன். தார் அட்டை வெயிலில் இளகி, மேலே கை வைத்தால் கை கறுப்பாகும். வாசனை சோற்றில் ஏறும். தகரம் அப்படி அல்ல, அது சத்தம். மழை வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்காது. நான் ஒன்றின் வாசனையையும் மற்றதின் ஒழுகலையும் சேர்த்து ஒரே கூரையாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இத்தனை வருடமாக.

டிசம்பர் 6

கிடங்கு. ஒரு பள்ளிக்கூடக் கூடம்தான் கிடங்காக இருந்தது. எனக்கு அப்போது 23 வயது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பங்குத்தந்தை கணக்கு எழுத உட்கார வைத்தார். வருவதை வரவில், போவதைப் பற்றில். ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: வரிசை மீறி ஒரு வாளிகூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை, சொந்த வீட்டுக்கும் கொடுத்ததில்லை.

என்னவெல்லாம் வந்தது! பனிமலை ஏறுபவன் போடும் கம்பளிக் கோட்டு. ஒற்றைக்கால் செருப்புகள் ஒரு சாக்கு நிறைய. மணமகன் கோட்டு ஒன்று, பையில் யாரோ வைத்து மறந்த பஸ் டிக்கெட்டோடு. பழைய துணி சாலை ஓரத்தில் குவிந்து கிடந்து மழையில் நனைந்து, ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போனது. கொடுத்தவர்களை நான் கேலி செய்யவில்லை. கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு அமெரிக்காவிலும் ஒரு சோடி உண்டு. பிரிட்டன் தன் இராணுவத்தின் உணவுப் பொட்டலங்களை லட்சக்கணக்கில் அனுப்பியது. பிரிட்டிஷ் மாட்டிறைச்சிக்குப் பைத்திய மாட்டு நோயை முன்னிட்டு அங்கே தடை. எனவே பசியோடு ஆட்கள் ஒருபுறம், கிடங்கில் பொட்டலம் மறுபுறம். கிடங்கு எங்கே? அதே லிட்டில் ராக் பக்கம்தான். இத்தாலி அனுப்பிய மருந்துகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து கெட்டு, அழிக்க வேண்டியதாயிற்று. நம் போர்வைக்காவது மாட்டிறைச்சிச் சிக்கல் இல்லை.

உருப்படியாகப் போனதும் உண்டு. மெக்சிகோ இராணுவம் சுமார் 200 வீரர்களை ஆயுதம் இல்லாமல் சமையல் வண்டிகளோடு அனுப்பியது. அவர்கள் டெக்சாசின் சான் அன்டோனியோவுக்கு வந்து, அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தவர்களுக்கு நாளுக்கு ஆயிரக்கணக்கில் சாப்பாடு போட்டார்கள். மெக்சிகோ படை அந்த மண்ணில் கால் வைத்தது 1846-க்குப் பிறகு அதுதான் முதல் முறையாம். அன்று சண்டைக்கு, இன்று சமையலுக்கு. அடுப்பையும் ஆளையும் சேர்த்து அனுப்பியதால் கிடங்குக்காரனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. என்னைப் போன்றவர்களுக்கு வேலை இல்லாமல் செய்கிற உதவிதான் நல்ல உதவி போலிருக்கிறது.

டிசம்பர் 7

"கியூபா மருத்துவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?" விடவில்லை ஐயா. கியூபா 1,586 மருத்துவர்களை அனுப்பத் தயார் என்றது. அமெரிக்கா வேண்டாம் என்றது. அவர்கள் பகை பழைய பகை.

டிசம்பர் 9

தங்குமிடத்தைப் பற்றித்தான் கேள்வி, நான் சோற்றைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிரீஸ் இரண்டு சொகுசுக் கப்பல்களைத் தருகிறேன், வீடிழந்தவர்களைத் தங்கவைத்துக்கொள்ளுங்கள் என்றது. அக்டோபர் 10-க்கு முன்னால் வந்து சேராது, அதற்குள் தேவை தீர்ந்துவிடும் என்று கைவிட்டார்கள். அதே நேரத்தில் தங்கள் நாட்டுக் கார்னிவல் நிறுவனத்தின் மூன்று கப்பல்களை ஆறு மாத வாடகைக்கு எடுத்தார்கள், 23.6 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தம். இலவசக் கப்பல் தாமதமாக வருமாம், வாடகைக் கப்பல் ஆறு மாதம் நிற்குமாம். கணக்கு எழுதியவன் என்ற முறையில் எனக்கு இது புரியவே இல்லை.

பிறகு டிரெய்லர் வீடுகள், ஒரு லட்சத்துக்கும் மேல். குடியேறியவர்களுக்குக் கண் எரிச்சல், இருமல், மூக்கில் இரத்தம். ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிந்தது. 519 டிரெய்லர்களைச் சோதித்து, அளவு கூடுதல் என்று அரசின் நோய்த்தடுப்பு மையமே 2008-இல் சொன்னது. புதிய பிளைவுட் அலமாரியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் இல்லையா, அந்த அலமாரிக்குள் குடும்பத்தோடு படுத்து உறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இது வெளிநாட்டு உதவி அல்ல, சொந்த அரசு காசு கொடுத்து வாங்கியது.

எங்கள் தார் அட்டையும் அப்படித்தான். எந்த வெளிநாட்டு அரசும் எங்கள் தலையில் கட்டியது அல்ல. கட்டிய அமைப்பு பள்ளமான இடத்தில் கட்டி, ஜூன் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பெயர் சொல்லவில்லை. பிறகு அவர்களே வந்து மண் அடித்தார்கள்.

டிசம்பர் 10

கேரளத்தின் 700 கோடியை எழுதுங்கள் என்று மூன்று பேர். 2018 வெள்ளத்துக்கு ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தரும் என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். மத்திய அரசு, வெளிநாட்டு அரசுகளின் பணம் வாங்குவதில்லை என்பது கொள்கை என்றது. பிறகு அமீரகத் தூதரே, தொகை எதுவும் முடிவாகவில்லை என்றார். வராத காசுக்கு இரண்டு வாரம் சண்டை. கேரள எல்லையில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து நாங்களும் சண்டை போட்டோம், பாதிப் பேருக்கு அண்ணனோ தம்பியோ வளைகுடாவில் இருக்கிறான்.

அந்தக் கொள்கையும் இரும்பால் செய்தது அல்ல. 2001 பூஜ் நிலநடுக்கத்துக்கு வாங்கினோம். 2021-இல் கொரோனாவுக்கு ஆக்சிஜன் கருவிகளை எத்தனையோ நாடுகளிடமிருந்து வாங்கினோம்.

டிசம்பர் 14

விறைப்பாக நின்றோம் என்று எழுதியது முழு உண்மை அல்ல என்றேனே, அது இதுதான். சுனாமிக்கு அரசுகள் கொடுக்க வந்த நன்கொடையை மறுத்த அதே மாதங்களில், உலக வங்கியிடமிருந்து 46.5 கோடி டாலர் கடன் பேசினோம். ஆசிய வளர்ச்சி வங்கியிடமிருந்து 20 கோடி, அதில் பாதி மானியம். இலவசமாக வந்தால் மானக்கேடு, வட்டியோடு வந்தால் மரியாதை. நம் கல்யாண வீட்டுக் கணக்கே இப்படித்தான் என்பதால் எனக்கு இதில் வியப்பு இல்லை.

அதுபோக, அரசு வாசலில் மறுத்தது தொண்டு நிறுவனங்களின் வாசல் வழியாக வந்தது. வெளிநாட்டு மக்கள் போட்ட காசு, அவர்கள் அரசு தங்கள் நாட்டு அமைப்புகளுக்குக் கொடுத்த காசு, எல்லாம் கலந்து வந்தது. எங்கள் சுனாமி காலனி வீடு அப்படிக் கட்டியதுதான். 325 சதுர அடி, அரசு விதித்த அளவு, ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பு. வீட்டுச் சுவரில் கல்வெட்டு இருந்தது. அம்மா அதன் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். "நம் வீட்டில் யார் பெயரோ எதற்கு?" என்றாள். கொடுத்தவர்கள் பார்த்தால் வருந்துவார்கள். அம்மாவைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

2004 டிசம்பர் இறுதியில் 'நாங்களே சமாளிப்போம்' என்ற செய்தியைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாவட்டத்தில் ஏறக்குறைய 800 பேர் செத்திருந்தார்கள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. குழியில் வரிசையாக வைத்தோம். அப்போதும் நிமிர்ந்தது. எந்த வகை நெஞ்சு என்று தெரியவில்லை.

டிசம்பர் 20

தக்கலைக்காரர் மறுபடி கேட்கிறார்: "உங்கள் கிடங்குக்கு வந்த தார்ப்பாய் எந்த நாட்டு அரசு கொடுத்தது?"

நல்ல கேள்வி. நான் சொன்ன பூட்டுக் கதையும் அதுதான். 2005 ஜூன், மழை பிடித்துக்கொண்ட வாரம். ஒரு லாரி தார்ப்பாய் வந்தது. நிவாரணத்தில் உலகமெங்கும் புழங்கும் அளவு, நான்கு மீட்டருக்கு ஆறு மீட்டர், ஓரத்தில் கயிறு கோக்க வளையம். 258 சதுர அடி வரும். பிறகு கட்டிக் கொடுத்த வீட்டை விடக் கொஞ்சம்தான் சிறியது. பட்டியலில் கையெழுத்து வரவில்லை. பட்டியல் இல்லாமல் கொடுத்தால் சண்டை வரும், ஏற்கனவே வாளிக்கு மண்டை உடைந்திருந்தது. எனவே கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நான்கு நாள். வெளியே மழை.

அமெரிக்கக் கருவூலத்தைப் பற்றி அத்தனை வாய் கிழிய எழுதினேன்.

அந்தத் தார்ப்பாய் ஒன்று அக்கா வீட்டில் இன்னும் இருக்க வேண்டும். விடுமுறைக்குப் போகும்போது அச்சைப் பார்த்து எழுதுகிறேன்.

டிசம்பர் 27

நேற்று கல்லறைத் திருப்பலி முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். தார்ப்பாய் இருக்கிறது, இரண்டாக வெட்டியிருக்கிறாள். ஒரு பாதி விறகின் மேல், மறு பாதி அத்தானின் வலை மேல். நீலம் வெளுத்துச் சாம்பல் ஆகிவிட்டது. அச்சு இருந்த இடத்தில் வட்டம் ஒன்றும், பாதி எழுத்து ஒன்றும் இருக்கின்றன. 'ஓ'வா, சுழியமா, நாட்டின் முத்திரையா, தெரியவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். பாதி எழுத்தும் போய்விட்டது.

"இது எந்த நாடு கொடுத்தது, நினைவிருக்கிறதா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"எந்த நாடு? நீதான் கொடுத்தாய். கைக்குழந்தையோடு நான்கு நாள் வந்து வந்து திரும்பினேன். சன்னல் வழியாகக் கட்டுக்கட்டாகத் தெரிந்தது. பட்டியல் வரட்டும் அக்கா என்றாய். ஐந்தாவது நாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாய்."

குழந்தைக்கு அந்த வாரம் சளி நெஞ்சில் இறங்கி, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். இரண்டையும் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. அந்தக் குழந்தைதான் நேற்று எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தான், மீசை முளைத்திருக்கிறது.

"கிடங்கைப் பற்றி எழுதினாயே, வரிசை மீறிச் சொந்த வீட்டுக்கும் கொடுத்ததில்லை என்று" என்றாள் அக்கா. "இதையும் எழுது."

எழுதிவிட்டேன். தக்கலைக்காரருக்கு: நாட்டின் பெயர் படிக்க முடியவில்லை. வலை மேல் கிடக்கும் பாதியின் மறுபக்கத்தை இன்னும் பார்க்கவில்லை. மழை வருவது போலிருந்தது, அத்தான் எடுக்க விடவில்லை.